610 ரூபாய்க்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி கேட்டவர் பெங்களூரு அல்சூரில் இருக்கிறார். அவருடைய அப்பா பீன்யாவில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனி பங்கு வெளியிட்டபோது ஊழியர் ஒதுக்கீட்டில் கொஞ்சம் வாங்கியிருக்கிறார். நடுவில் வந்த போனஸ் எல்லாம் சேர்த்து இப்போது 600 பங்கு. அப்பா போன வருடம் காலமாகிவிட்டார். இந்த நேரத்தில் ஒரு பெரிய குழுமம், கம்பெனியை நடத்தும் புரமோட்டர் குடும்பத்திடமிருக்கும் 44 சதவீதத்தைப் பங்கு ஒன்று 610 ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பொதுப் பங்குதாரர்களிடமிருந்தும் அதே விலைக்கு 26 சதவீதம் வாங்குவதாக ஓப்பன் ஆஃபர் அறிவித்திருக்கிறது. அறிவிப்புக்கு முன் 500 ரூபாயைச் சுற்றி இருந்த பங்கு இப்போது 582-ல் நிற்கிறது. புரோக்கர் ஆபீஸில் 'சந்தையிலேயே விற்றுவிடுங்கள், தலைவலி வேண்டாம்' என்கிறார்கள். மும்பை மாட்டுங்காவில் இருக்கும் மைத்துனர், '582-க்கு எவனாவது விற்பானா, மொத்தத்தையும் ஆஃபரில் 610-க்குக் கொடு' என்கிறார். யார் சொல்வது சரி, விலை ஏன் 610-ஐத் தொடவில்லை என்று கேட்கிறார்.

சார், இரண்டு பேரும் கணக்கில் ஒரு பாதியை மட்டும் பார்க்கிறார்கள். மைத்துனர் சொல்வது போல 600 பங்கையும் நீங்கள் 'கொடுக்கலாம்', ஆனால் 600-ஐயும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நிச்சயமில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பங்குப் பதிவாளர் அலுவலகத்தில், நாம் எல்லோரும் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் என்று சொல்வோமே, அங்கே வருடக்கணக்கில் வேலை பார்த்தவன் நான். ஆஃபர் முடிந்து பணம் போன மறுநாள் வரும் போன்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: 'என் பங்கில் பாதி ஏன் திரும்பி வந்துவிட்டது?'

26 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு கம்பெனியில் 25 சதவீத ஓட்டுரிமையையோ நிர்வாகக் கட்டுப்பாட்டையோ ஒருவர் கைப்பற்றினால், மற்ற பங்குதாரர்களுக்கும் வெளியேற வழி கொடுக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2011-ம் வருட விதி. அந்த விதியை வகுப்பதற்காக அச்சுதன் தலைமையில் அமைந்த குழு, மிச்சமிருக்கும் மொத்தப் பங்கையும் வாங்கச் சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தது. செபி அதை ஏற்கவில்லை. குறைந்தபட்சம் 26 சதவீதத்துக்கு ஆஃபர் வந்தால் போதும் என்று நிறுத்திக்கொண்டது. அந்தக் குழு சொன்னதுதான் சிறு முதலீட்டாளருக்கு நியாயமானது என்பது என் கருத்து. ஆனால் அதே 2011 விதி ஒரு பெரிய நன்மையும் செய்தது. அதற்கு முன்பு, போட்டித் தொழில் செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடுப்பதற்காக என்று சொல்லி, விற்கும் புரமோட்டருக்கு ஆஃபர் விலையைவிட 25 சதவீதம் வரை தனியாகக் கொடுக்க முடிந்தது. இப்போது அப்படிக் கொடுத்தால் அதையும் விலையில் சேர்த்தாக வேண்டும். புரமோட்டருக்கு 610 என்றால் உங்களுக்கும் 610.

சரி, கணக்குக்கு வருவோம். புரமோட்டர் 44 சதவீதம் போக மற்றவர்களிடம் இருப்பது 56 சதவீதம். ஆஃபர் 26 சதவீதத்துக்கு. எல்லோரும் முழுசாகக் கொடுத்தால் 56-க்கு 26, அதாவது நூறு பங்குக்கு 46 பங்குதான் எடுப்பார்கள். உங்கள் 600-ல் சுமார் 280 போகும், 320 உங்கள் டீமேட்டுக்கே, அதாவது மின்னணுப் பங்குக் கணக்குக்கே, திரும்பி வரும். கையில் வருவது 1,70,800 ரூபாய். இன்றைக்கே எல்லாவற்றையும் 582-க்கு விற்றால் 3,49,200 ரூபாய். ஆக, திரும்பி வரும் 320 பங்கை நீங்கள் குறைந்தது 557 அல்லது 558 ரூபாய்க்கு விற்றால்தான் ஆஃபரில் கொடுத்ததும் சந்தையில் விற்றதும் சமமாகும். ஆஃபர் முடிந்த பிறகு விலை பழைய 500-க்கே இறங்கிவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது மொத்தம் 3,30,800. அதாவது 582-க்கு விற்றவரைவிட 18,400 ரூபாய் குறைவு, அதுவும் மூன்று நான்கு மாதம் காத்திருந்த பிறகு.

ஆனால் எல்லோரும் கொடுப்பதில்லை. பழைய காகிதப் பங்கைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், கடிதத்தைப் பிரிக்காதவர்கள், விற்கவே விருப்பமில்லாதவர்கள் என்று ஒரு பகுதி எப்போதும் வெளியே நிற்கும். 56-ல் 40 மட்டும் வந்தது என்று வைத்துக்கொண்டால் 65 சதவீதம் எடுப்பார்கள். அப்போது 390 பங்கு போய் 210 திரும்பும். அந்த 210-க்கு 530 கிடைத்தாலே சமம். இந்த இரண்டு ஓரங்களுக்கு நடுவில்தான் உங்கள் முடிவு இருக்கிறது. ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்: எத்தனை சதவீதம் எடுப்பார்கள், மிச்சத்துக்கு என்ன விலை இருந்தால் சமம். இந்தக் கணக்கைப் போடாமல் 610-ஐயும் 582-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை. இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. கம்பெனி தன் பங்கைத் தானே திரும்ப வாங்கும் பைபேக்கில், 2 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு வைத்திருக்கும் சிறு பங்குதாரர்களுக்கு 15 சதவீதம் தனியாக ஒதுக்குவார்கள். ஓப்பன் ஆஃபரில் அந்தச் சலுகை கிடையாது. 600 பங்குக்காரரும் 6 லட்சம் பங்கு வைத்திருக்கும் ஃபண்டும் ஒரே விகிதத்தில்தான்.

இதற்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது, நம் சென்னை இந்தியா சிமெண்ட்ஸ். 1998-ல் ராசி சிமெண்ட்ஸைக் கைப்பற்ற 300 ரூபாய்க்கு ஆஃபர் போட்ட கம்பெனி, 2024-ல் தானே கைமாறியது. அந்த ஜூலையில் அல்ட்ராடெக் புரமோட்டர்களிடமிருந்து 32.72 சதவீதத்தை 390 ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. ஏற்கெனவே சந்தையில் வாங்கி வைத்திருந்ததோடு சேர்த்து 55.49 சதவீதம் ஆயிற்று. போட்டி ஆணையத்தின் அனுமதி டிசம்பரில்தான் வந்தது. 26 சதவீத ஓப்பன் ஆஃபரும் அதற்குப் பிறகுதான் திறந்தது. அத்தனை மாதம் காத்திருந்தவர்கள் கொடுத்தார்கள், 26 சதவீதமும் நிரம்பி அல்ட்ராடெக்கின் பங்கு 81.49-க்குப் போனது. மற்றவர்களிடம் இருந்ததே 44.51 சதவீதம்தான் என்பதால், எல்லோரும் கொடுத்திருந்தால்கூட நூறுக்கு 58 எடுக்கப்பட்டிருக்கும். இதைக் கணக்குப் போட்டவர்கள் 390-க்குக் கொடுத்தார்கள். கொடுக்காமல் விட்டவர்கள் ஆஃபர் முடிந்த கையோடு விலை 300-க்குக் கீழே போனதைப் பார்த்தார்கள். பிறகு விலை ஏறியது. ஆனால் பங்குச் சந்தைப் பட்டியலில் இருக்கும் கம்பெனியில் புரமோட்டர் 75 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், 2025 ஆகஸ்ட்டில் அல்ட்ராடெக் ஒரு பகுதியைச் சந்தையில் விற்று 75-க்கு இறங்கியது. அதுவும் 390-க்குக் குறைந்த விலையில்தான். உங்கள் கம்பெனியில் 44-ம் 26-ம் சேர்ந்தால் 70. அதனால் அந்தக் கட்டாய விற்பனை உங்களுக்கு வராது. இது உங்களுக்குச் சாதகமான விஷயம், குறித்துக்கொள்ளுங்கள்.

விலை ஏன் 610-ஐத் தொடாமல் 582-ல் நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். முழுசாக எடுக்கமாட்டார்கள் என்பது ஒரு காரணம். பணம் வர மாதங்கள் ஆகும் என்பது அடுத்தது. மூன்றாவது, ஒப்பந்தமே முறியலாம் அல்லது கோர்ட்டில் மாட்டலாம் என்ற பயம். அந்தப் பயத்துக்கு அர்த்தம் இருக்கிறது. 2018-ல் ஐஎச்எச் என்ற வெளிநாட்டு மருத்துவமனைக் குழுமம், ஃபோர்டிஸ் மருத்துவமனைக் கம்பெனியில் 31 சதவீதம் வாங்கி, 170 ரூபாய்க்கு ஓப்பன் ஆஃபர் அறிவித்தது. அந்த டிசம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் நிறுத்திவைத்தது. வருடக்கணக்கில் அப்படியே கிடந்தது. டெல்லியில் எனக்குத் தெரிந்த ஒரு நண்பர், மகள் கல்யாணச் செலவுக்கு அந்த 170-ஐ நம்பியிருந்தார். கடைசியில் வேறு பங்கை விற்று ஏற்பாடு செய்தார். கோர்ட் விவகாரம் முடிவதற்குள் ஃபோர்டிஸ் விலை 170-ஐப் பல மடங்கு தாண்டிவிட்டது, அதனால் அவருக்கு நஷ்டமில்லை. ஆனால் குறித்த தேதியில் பணம் வேண்டும் என்கிறவர் ஆஃபரை நம்பக் கூடாது, சந்தையில் விற்பதுதான் அவருக்கு வழி. உங்கள் புரோக்கர் சொன்ன ஆலோசனை இந்த ஒரு நிலைமைக்குப் பொருந்தும். உங்களுக்கு இந்தப் பணம் உடனே தேவையா என்று நீங்கள் எழுதவில்லை. தேவையென்றால் மேலே படிக்க வேண்டாம், 582-க்கு விற்றுவிடுங்கள்.

தேவையில்லை என்றால், 610-ஐவிட முக்கியமான கேள்வி இருக்கிறது. திரும்பி வரப்போகும் பங்கில் உங்களுக்குக் கூட்டாளி யார்? கூட்டுக்குடித்தன வீட்டில் பெரிய பங்கை வாங்கிக்கொண்டு புது ஆள் குடிவருகிற மாதிரிதான் இது. அவர் கூரையைச் சரிசெய்வாரா, தண்ணீர் இணைப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாரா என்பதை வைத்துத்தான் நீங்கள் அங்கே இருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்.

பெங்களூரில் இதைப் பேசினால் மைண்ட்ட்ரீ என்ற ஐடி கம்பெனியைப் பேசாமல் முடியாது. 2019 மார்ச் 18-ம் தேதி காஃபி டே நிறுவனர் வி.ஜி. சித்தார்த்தா தன்னிடமும் தன் கம்பெனிகளிடமும் இருந்த 20.32 சதவீதத்தை எல் அண்ட் டி-க்கு 980 ரூபாய்க்கு விற்றார். மைசூரு ரோட்டில் மைண்ட்ட்ரீயின் தலைமை அலுவலகம் இருந்த குளோபல் வில்லேஜ் வளாகமே அவருடைய குழுமம் கட்டியதுதான். எல் அண்ட் டி சந்தையிலும் வாங்கியது, அதோடு 31 சதவீதத்துக்கு அதே 980-ல் ஓப்பன் ஆஃபர் போட்டது. கிருஷ்ணகுமார் நடராஜன், சுப்ரதோ பாக்சி, பார்த்தசாரதி, ரோஸ்டோ ராவணன் ஆகிய நான்கு புரமோட்டர்களும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அவர்களிடம் இருந்தது வெறும் 13 சதவீதம் சொச்சம். பைபேக் போடலாமா என்று போர்டு யோசித்து, கைவிட்டது. புரமோட்டர்கள் எதிர்த்தபோதும், சுயேச்சை இயக்குநர்களின் குழு '980 நியாயமான விலை' என்று சொன்னது. ஜூனில் ஆஃபர் நடந்தது. பெரிய முதலீட்டாளரான நாலந்தா கேப்பிட்டலே கொடுத்தது. எல் அண்ட் டி 60 சதவீதத்தைத் தாண்டியது. ஜூலையில் மூன்று நிறுவனர்கள் விலகினார்கள்.

அந்தச் சமயத்தில் ஆர்.ஆர். நகரிலும் கெங்கேரியிலும் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுதான். சம்பளத்தோடு பங்கும் வாங்கியிருந்த நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே. மனசு நிறுவனர்கள் பக்கம், கை 980 பக்கம். இவர்கள் போய்விட்டால் கம்பெனியின் உயிரே போய்விடும் என்று நினைத்துக் கொடுத்தவர்களும் உண்டு, அதே காரணத்துக்காகக் கோபத்தில் கொடுக்காமல் இருந்தவர்களும் உண்டு. ஆஃபர் முடிந்து சில வாரங்களில் விலை 700-க்குக் கீழே போனது. கொடுத்தவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். 2021 முடிவதற்குள் அதே பங்கு 4,000 ரூபாயைத் தாண்டியது. 2022 நவம்பரில், 100 மைண்ட்ட்ரீ பங்குக்கு 73 எல் அண்ட் டி இன்ஃபோடெக் பங்கு என்ற கணக்கில் இரண்டும் ஒன்றாகின.

இதை வைத்து 'வைத்திருந்தால் எப்போதும் லாபம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொரோனா காலத்தில் ஐடி துறை முழுவதுமே ஏறியது; அதுவும் சேர்ந்துதான் அந்த 4,000. ஆனால் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்த விஷயங்கள் சில இருந்தன. வாங்குகிறவர் அதே தொழிலில் இருக்கிறார், கடனில் தத்தளிக்கிறவர் இல்லை, ஏற்கெனவே தன் இரண்டு ஐடி கம்பெனிகளைப் பட்டியலில் வைத்து ஒழுங்காக நடத்திக்கொண்டிருந்தார், வாங்குவதைக் காலி செய்து எடுத்துப்போகும் நோக்கம் இல்லை. உங்கள் பீன்யா கம்பெனியை வாங்குகிறவரைப் பற்றி நீங்கள் பார்க்க வேண்டியதும் இதைத்தான். இவர் முன்பு வேறு கம்பெனியை வாங்கியிருக்கிறாரா? வாங்கிய பிறகு அங்கே டிவிடெண்ட் என்ன ஆனது? பிராண்ட் பெயருக்கு ராயல்டி என்று சொல்லி லாபத்தை மேலே உறிஞ்சினாரா? கடைசியில் எந்த விகிதத்தில் தன் கம்பெனியோடு இணைத்தார்? ஆண்டறிக்கைகளில் 'தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனைகள்' என்று ஒரு பகுதி இருக்கும். பல பேர் அதைத் தள்ளிவிட்டுப் போவார்கள். அந்தக் குழுமத்தின் வேறு ஒரு பட்டியலிட்ட கம்பெனியின் மூன்று வருட அறிக்கையை எடுத்து அந்தப் பக்கத்தை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. மைத்துனரோடு ஒரு வாரம் போனில் பேசுவதைவிட அதில் அதிகம் தெரியும்.

70 சதவீதம் வைத்திருப்பவர் சாதாரணத் தீர்மானம் எதையும் தனியாகவே நிறைவேற்றலாம். சிறப்புத் தீர்மானத்துக்குப் பதிவாகும் ஓட்டில் முக்கால் பங்கு வேண்டும்; சிறு பங்குதாரர்கள் பாதிப் பேர் ஓட்டே போடுவதில்லை என்பதால் 70-ஏ பெரும்பாலும் போதும். அவருடைய சொந்தக் கம்பெனிகளோடு பெரிய பரிவர்த்தனை என்றால் மட்டும் அவர் தரப்பு ஆதரவாக ஓட்டுப்போட முடியாது, அங்கே உங்கள் ஓட்டுக்கு மதிப்பு உண்டு. தயவுசெய்து மின்னணு ஓட்டைப் போடுங்கள்.

லெட்டர் ஆஃப் ஆஃபர் என்று ஒரு தடித்த புத்தகம் வரும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். விலை எப்படி வந்தது என்று ஒரு அட்டவணை இருக்கும்: புரமோட்டரோடு பேசிய விலை, வாங்குகிறவர் கடந்த 52 வாரத்தில் கொடுத்த சராசரி, 26 வாரத்தில் கொடுத்த அதிகபட்ச விலை, கடைசி 60 வர்த்தக நாட்களின் சந்தைச் சராசரி. இதில் எது அதிகமோ அதற்குக் குறையாமல் ஆஃபர் இருக்க வேண்டும். 610 என்பது புரமோட்டர் பேசிய விலை, 60 நாள் சராசரி 490 சொச்சம் என்று இருந்தால், கம்பெனியை உள்ளும் புறமும் அறிந்த குடும்பம் போராடி வாங்கிய விலை உங்களுக்கும் கிடைக்கிறது என்று அர்த்தம். 60 நாள் சராசரிதான் விலையை நிர்ணயித்தது, புரமோட்டர் அதைவிடக் குறைவாக விற்கிறார் என்று இருந்தால் வேறு கதை. ஏன் குறைவாக விற்றார் என்று கவலைப்பட வேண்டும்.

அப்புறம், எதிர்காலத் திட்டம் என்ற பகுதி. அடுத்த இரண்டு வருடத்தில் கம்பெனியின் முக்கியச் சொத்துகளை விற்க உத்தேசமிருந்தால் அங்கே சொல்லியாக வேண்டும். அங்கே சொல்லாமல் விற்பதென்றால் பங்குதாரர்களிடம் சிறப்புத் தீர்மானம் வாங்க வேண்டும். உங்கள் கம்பெனிக்குப் பீன்யாவில் இடம் இருக்கிறது. மெட்ரோ வந்த பிறகு அங்கே நிலத்தின் விலை என்ன என்று உங்களுக்கே தெரியும். ஆலையை நடத்த வாங்குகிறார்களா, நிலத்துக்காக வாங்குகிறார்களா என்பதற்கான துப்பு இந்த ஒரு பத்தியில்தான் கிடைக்கும். பட்டியலிலிருந்து நீக்கும் எண்ணம் உண்டா என்பதையும் அதே இடத்தில் பாருங்கள்.

பட்டியல் நீக்கம் தனி விஷயம், ஆனால் அடுத்த வருடமோ மறு வருடமோ உங்களுக்கு வரலாம் என்பதால் சொல்கிறேன். அங்கே 90 சதவீதம் அவர் கைக்குப் போனால்தான் நீக்க முடியும்; அதனால் சிறு பங்குதாரருக்கு ஓப்பன் ஆஃபரைவிட அங்கே பேரம் பேசும் பலம் அதிகம். 2020-ல் வேதாந்தா 87 ரூபாய் சொச்சத்தைத் தரை விலையாக, அதாவது குறைந்தபட்ச விலையாக வைத்துப் பட்டியலிலிருந்து வெளியேற முயன்றது. எல்ஐசி 320 ரூபாய் கேட்டது. போதுமான பங்கு வராமல் அந்த அக்டோபரில் முயற்சி தோற்றது. 2022-23 நிதியாண்டில் மட்டும் வேதாந்தா கொடுத்த டிவிடெண்ட் பங்குக்கு 101.50 ரூபாய். அவர்கள் கொடுத்துவிட்டுப் போகச் சொன்ன தரை விலையைவிட ஒரே வருட டிவிடெண்டே அதிகம்! கொரோனா பயத்தில் 87-க்குத் தலையாட்டியிருந்தால் இதெல்லாம் போயிருக்கும்.

சந்தை விலை ஆஃபர் விலைக்கு மேலே போய்விட்டால் என்ன? அப்போது ஆஃபரில் கொடுப்பதில் பொதுவாக அர்த்தமில்லை, விற்பதென்றால் சந்தையில் விற்கலாம். ஆனால் என்டிடிவி விஷயத்தைப் பாருங்கள். 2022-ல் அதானி குழுமத்தின் ஆஃபர் விலை 294. சந்தை அதைவிட வெகு மேலே இருந்தும் 53 லட்சம் பங்கு ஆஃபரில் வந்தது. அதே டிசம்பர் கடைசியில் என்டிடிவி நிறுவனர்களான ராய் தம்பதியிடமிருந்து 342.65-க்கு வாங்கினார்கள். ஆஃபர் முடிந்து 26 வாரத்துக்குள் தனி ஒப்பந்தத்தில் அதிக விலை கொடுத்தால், ஆஃபரில் கொடுத்தவர்களுக்கும் வித்தியாசத்தைத் தர வேண்டும் என்பது விதி. அதன்படி பங்குக்கு 48.65 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார்கள். சந்தையில் ஆசைப்பட்டு வைத்திருந்தவர்கள், சில மாதங்களிலேயே 294-க்கும் கீழே விலை போனதைப் பார்த்தார்கள். ஆஃபர் நேரத்துச் சூட்டில் ஏறும் விலை அப்படியே நிற்கும் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் 600 பங்குக்கு நான் என்ன செய்வேன் என்று நேராகச் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்றும் விற்கமாட்டேன். ஆஃபரைப் பற்றி வாங்குநர் வெளியிடும் விரிவான அறிக்கை வெளிவந்த நாளிலிருந்து 15 வேலை நாட்களுக்குள் வேறு யாராவது போட்டி ஆஃபர் போடலாம். அந்தக் கெடு தாண்டட்டும். இப்போதைய வாங்குநரும், கொடுக்கல் தொடங்குவதற்கு ஒரு வேலை நாள் முன்பு வரை விலையை உயர்த்தலாம். அதற்குள் அந்தக் குழுமத்தின் மற்ற கம்பெனிகளைப் பார்த்துவிடலாம். பார்த்ததில் மனசு ஒப்பினால் பாதியை, அதாவது 300-ஐ மட்டும் ஆஃபரில் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வேன். ஒப்பவில்லை என்றால் 600-ஐயும் கொடுப்பேன். திரும்பி வருவதை, சமன் விலைக்கு மேலே சந்தை இருக்கும்போதே தயங்காமல் விற்றுவிடுவேன். விலை நடுவில் 600-ஐ ஒட்டி வந்துவிட்டால் காத்திருப்பதற்கு இன்னும் பத்து ரூபாய்தான் மிச்சம், சந்தையிலேயே முடித்துவிடுவேன்.

கொடுப்பதென்றால் ஆஃபர் பத்து வேலை நாள் திறந்திருக்கும். முதல் நாளே ஓட வேண்டாம். கொடுத்த பங்கை வாபஸ் வாங்க முடியாது, டீமேட்டில் முடக்கிவிடுவார்கள். நடுவில் சந்தை ஏறினாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். எவ்வளவு பங்கு வந்திருக்கிறது என்று பிஎஸ்இ, என்எஸ்இ இணையதளங்களில் தினமும் போடுவார்கள், ஆனால் பெரிய ஃபண்டுகள் கடைசி நாளில்தான் வரும். எட்டாவது, ஒன்பதாவது நாள் சரியான நேரம். கடைசி நாள் மதியத்துக்குள் பல புரோக்கர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். கொடுத்த பிறகு புரோக்கரிடம் பதிவுச் சீட்டு கேட்டு வாங்கி வையுங்கள். வரியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பங்குச் சந்தை வழியாகவே நடப்பதால் நீண்டகால லாபத்தில் வருடத்துக்கு 1.25 லட்சம் போக மிச்சத்துக்கு 12.5 சதவீதம். அப்பா வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். பழைய பங்கு என்பதால் 2018 ஜனவரி 31 விலையை அடக்க விலையாக எடுத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது, ஆடிட்டரிடம் அதைக் கேளுங்கள்.

இதையெல்லாம்விட அவசரமானது ஒன்று. உங்கள் கடிதத்தில், பங்கு இன்னும் அப்பா பெயரில்தான் இருப்பது போலத் தெரிகிறது. அப்படியானால் நீங்கள் ஆஃபரில் கொடுக்கவும் முடியாது, சந்தையில் விற்கவும் முடியாது. ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் என் மேஜைக்கு வந்து நிராகரிக்கப்பட்ட படிவங்களில் மிகவும் வருத்தம் தந்தவை இந்த வகைதான். இறந்தவர் பெயரில் பங்கு, மகன் போட்ட கையெழுத்து, கூடவே ஒரு இறப்புச் சான்றிதழ் நகல். அதை ஏற்கவே முடியாது. சில சமயம் 1990-களின் மஞ்சள் பூத்த சான்றிதழும் இருக்கும். பின்பக்கத்தில் அப்பா போட்ட கையெழுத்து ஒரு மாதிரி, எங்கள் பதிவில் இருப்பது வேறு மாதிரி. அந்தக் குடும்பங்கள் வெளியேறும் வாய்ப்பையே இழந்தன.

டீமேட்டில் இருந்து, நீங்கள் நாமினியாகவும் இருந்தால், டீமேட் கணக்கை வைத்திருக்கும் டெபாசிட்டரி ஏஜென்டிடம் இறப்புச் சான்றிதழோடு பெயர் மாற்றப் படிவம் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். நாமினி இல்லையென்றாலோ காகிதப் பங்காக இருந்தாலோ வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், பான், கேஒய்சி என்று நாட்கள் ஓடும். தங்கை, அம்மா எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். இந்த வாரமே ஆரம்பியுங்கள். யாராவது போன் செய்து, 'ஆஃபரில் சேர்த்துவிடுகிறேன், கட்டணம் கட்டுங்கள், ஓடிபி சொல்லுங்கள்' என்றால் வைத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன்பணம் எதுவும் கிடையாது. வெற்று டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

லெட்டர் ஆஃப் ஆஃபர் அப்பாவின் பழைய விலாசத்துக்குப் போய்விட்டால்கூடப் பரவாயில்லை. செபி இணையதளத்தில் அது இருக்கும், கடிதம் கிடைக்காதவரும் ஆஃபரில் பங்கெடுக்கலாம். பெயர் மாற்றம் முடிந்ததும் டீமேட்டோடு இணைந்திருக்கும் பாங்கு கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பணம் அங்கேதான் வரும்.